செலவு என்று எழுதியது

காலை நடை முடிந்து நாங்கள் நாலைந்து பேர் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து பேசுவது வழக்கம். எல்லோரும் எழுபதைத் தாண்டியவர்கள். போன வாரம் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் செய்தித்தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

"சார், நீங்க கணக்குப் பிரிவிலதானே இருந்தீங்க? இத்தனை ஆயிரம் கோடிக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் வரலைன்னு சி.ஏ.ஜி. சொல்றாராம். எங்க போச்சு சார் அந்தப் பணம்?"

நான் சிரித்தேன். பணம் போகவில்லை, காகிதம் வரவில்லை என்றேன். அவருக்கு அது பதிலாகத் தெரியவில்லை. "காகிதம் வந்துட்டா பணம் ஒழுங்காப் போச்சுன்னு அர்த்தமா?" என்று கேட்டார். வங்கிக்காரர் அல்லவா, சரியான இடத்தில் பிடித்துவிட்டார். அவருக்கு அன்று நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு பழைய கதை வேண்டும். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

அரசாங்கத்தில் "செலவு" என்பதற்கு ஒரே ஒரு பொருள்தான். பணம் கருவூலத்தை விட்டு வெளியே போன நாள், செலவான நாள். நாம் வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. மளிகைக் கடைக்காரரிடம் முன்பணம் கொடுத்தால், "கொடுத்து வைத்திருக்கிறேன்" என்போம். அரிசி வீட்டுக்கு வந்த பிறகுதான் செலவு என்போம். அரசாங்கக் கணக்கு ரொக்க அடிப்படையில் நடப்பது. பட்டியல் பாஸ் ஆகிப் பணம் கைமாறினால் போதும், கணக்கில் ஏறிவிடும். அரிசி வந்ததா, அதில் கல் இருந்ததா என்பது வேறு புத்தகம்.

இன்னொரு விஷயம் கணக்குத் தலைப்பு. 1987 ஏப்ரலில் இருந்து பெருந்தலைப்புகளுக்கு நான்கு இலக்க எண் வந்தது. அதற்கு முன் மூன்று இலக்கம். அந்த எண்ணின் முதல் இலக்கத்தைப் பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். 0 அல்லது 1 என்றால் வரவு. 2, 3 என்றால் வருவாய்ச் செலவு, அதாவது சம்பளம், மருந்து, வாடகை போன்றவை. 4, 5 மூலதனச் செலவு. கட்டடம், பாலம், அணை. 6, 7 கடன். 8 என்றால் பொதுக் கணக்கு. 2210 என்றால் மருத்துவமும் பொதுச் சுகாதாரமும், 2211 குடும்ப நலம், 4210 மருத்துவத்துக்கான கட்டடங்கள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஓய்வு பெற்று இத்தனை வருஷமாகியும் பேருந்து எண்ணைப் பார்த்தால் அது எந்தத் தலைப்பு என்றுதான் முதலில் தோன்றுகிறது. என் மனைவி இதைப் பலமுறை கேலி செய்திருக்கிறாள்.

இந்த 8-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 0 முதல் 7 வரை அரசின் சொந்தப் பணம், அதாவது தொகு நிதி. சட்டமன்றம் அனுமதித்தால்தான் அதிலிருந்து ஒரு ரூபாய் எடுக்க முடியும். மார்ச் 31 இரவோடு அந்த அனுமதி செத்துப்போகும். மிச்சமிருந்தால் திரும்ப ஒப்படைக்க வேண்டும். ஆனால் 8 என்பது அரசு பிறருக்காக வைத்திருக்கும் பணம். பொது சேம நல நிதி, பிணைத்தொகை, வைப்புகள் எல்லாம் அங்கே. 8443 என்றால் சிவில் வைப்புகள். அங்கே போன பணம் மார்ச் 31-ல் சாகாது.

உங்களில் அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும், நான் எங்கே வருகிறேன் என்று.

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு மாவட்ட அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்தேன். எந்த மாவட்டம், எந்தத் திட்டம் என்பது வேண்டாம். வெளிநாட்டு உதவி பெற்ற ஒரு சுகாதாரத் திட்டம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காலத்தில் அப்படிப் பல திட்டங்கள் நடந்தன. உலக வங்கி, டென்மார்க், ஸ்வீடன் என்று எங்கள் ஜீப்புகளின் கதவில்கூட ஏதாவது ஒரு பெயர் இருக்கும்.

உதவி என்றதும் மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்றால், டாலர் பெட்டியில் வந்து இறங்கும், நாம் எடுத்துச் செலவழிப்போம் என்று. அப்படி இல்லை. முதலில் நம் பட்ஜெட்டில் நம் ரூபாயை ஒதுக்கி நாமே செலவு செய்ய வேண்டும். பிறகு எவ்வளவு செலவானது என்று ஒரு பட்டியல் தயாரித்து அனுப்ப வேண்டும். அதற்குச் செலவின அறிக்கை என்று பெயர், நாங்கள் எஸ்.ஓ.இ. என்போம். அது சென்னைக்குப் போய், அங்கிருந்து டெல்லியில் நிதி அமைச்சகத்தின் கீழ் உள்ள உதவிக் கணக்குகள் மற்றும் தணிக்கைக் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்துக்குப் போகும். அவர்கள் உதவி தரும் நிறுவனத்திடம் கேட்பார்கள். அங்கிருந்து மத்திய அரசுக்கு அன்னியச் செலாவணி வரும். மத்திய அரசு அதை ரூபாயாக மாநிலத்துக்குக் கொடுக்கும். அதுவும் எப்படி? நம்மைப் போன்ற மாநிலங்களுக்கு அப்போது 70 பங்கு கடன், 30 பங்கு மானியம். உலக வங்கியின் ஐ.டி.ஏ. கடனுக்கு 0.75 விழுக்காடு சேவைக் கட்டணம்தான். மாநிலம் டெல்லிக்குக் கட்டிய வட்டி அதைவிடப் பல மடங்கு. மாற்று விகித ஏற்ற இறக்கத்தை டெல்லி ஏற்றுக்கொண்டது என்பார்கள், அதுவும் உண்மைதான். 2005 ஏப்ரலுக்குப் பிறகுதான், பன்னிரண்டாவது நிதிக்குழு சொன்னபடி, வாங்கிய நிபந்தனையிலேயே மாநிலத்துக்குக் கொடுக்கும் முறை வந்தது. ரூபாய் விழுந்தால் இப்போது நம் தலையில் விழும்.

இதில் முக்கியமான இடம் அந்தச் செலவின அறிக்கை. பெரிய ஒப்பந்தம் என்றால் ஆவணங்களை அனுப்ப வேண்டும். சின்னச் சின்னச் செலவுகளுக்கு வவுச்சர் எதுவும் போகாது. அது நம் அலுவலகத்திலேயே பத்திரமாக இருக்க வேண்டும், தணிக்கை வந்தால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். மாவட்டத்திலிருந்து வாஷிங்டன்வரை எல்லோரும் நம்புவது அடியில் உள்ள இரண்டு வரிச் சான்றை. "மேற்கண்ட தொகை ஒப்பளிக்கப்பட்ட நோக்கத்துக்காகவே செலவிடப்பட்டது எனச் சான்றளிக்கப்படுகிறது." இந்த வரியை என் வாழ்க்கையில் எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை.

அந்த வருஷம் எங்கள் மாவட்டத்தில் 14 துணை சுகாதார நிலையங்கள் கட்ட அனுமதி வந்தது. ஒரு அறை, பிரசவ அறை, செவிலியர் தங்க ஒரு சின்ன வீடு. ஒன்றுக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். உத்தரவு வந்தது பிப்ரவரியில். நிலம் பார்க்க வேண்டும், மதிப்பீடு போட வேண்டும், டெண்டர் விட வேண்டும். ஒன்றரை மாதத்தில் எங்கே முடியும்? முடியவில்லை என்று ஒப்படைத்தால் அடுத்த வருஷம் ஒதுக்கீட்டை வெட்டிவிடுவார்கள். "போன வருஷம் கொடுத்ததையே செலவழிக்கத் தெரியவில்லை" என்ற குறிப்போடு.

அதற்கு எல்லோருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. கட்டிக் கொடுக்கும் அமைப்பின் பெயரில் மொத்தத் தொகையையும் வைப்பாகக் கட்டிவிடுவது. பட்டியல் 4210-ல் போடப்படும். பணம் அங்கிருந்து கிளம்பி 8443-ல் போய்ப் படுத்துக்கொள்ளும். கருவூலத்தை விட்டு ஒரு பைசாகூட உண்மையில் வெளியே போகாது. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்கு மாற்றி எழுதுவதுதான். ஆனால் 4210-ல் செலவு விழுந்தாயிற்று. மார்ச் 31 இரவு பத்தரை மணிக்குக் கருவூலத்தில் அந்தப் பட்டியலைப் பாஸ் செய்து வாங்கிக்கொண்டு, பஸ் நிலையத்தில் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். நூறு விழுக்காடு செலவு. எங்கள் அதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அவர் நல்ல மனிதர், அதை என்னிடம் காட்டி, "இது உங்களுக்கு வந்தது" என்றார்.

மே மாதம் செலவின அறிக்கை தயாரித்தேன். 14 ஊர்ப் பெயர்கள், எதிரே தொகை. அதிகாரி கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் செலவாயிடுச்சா?"

"ஆயிடுச்சு சார்."

நான் பொய் சொல்லவில்லை. இதைத்தான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த ஜனவரியில் தணிக்கைக் குழு வந்தது. இந்தத் திட்டங்களுக்கு ஒவ்வொரு வருஷமும் மாநிலக் கணக்காயர் தணிக்கைச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்பது உதவி ஒப்பந்தத்தின் நிபந்தனை. வழக்கமாக வருகிறவர்கள் பதிவேடுகளைப் பார்ப்பார்கள், அரை வரம்பு மேற்கோள் எழுதுவார்கள், போவார்கள். இந்தமுறை வந்தவர்களில் ஒருவர் இளைஞர். வைப்புத் தலைப்பின் ரசீதைப் பார்த்ததும், "கட்டடங்களைப் பார்க்கலாமா?" என்றார். ஜீப்பில் நான் உடன் போனேன்.

முதல் ஊரில் தளம் போட்டிருந்தார்கள். இரண்டாவது ஊரில் அஸ்திவாரக் குழி, அதில் தண்ணீர். மூன்றாவது ஊரில் எங்களுக்குக் காட்ட எதுவுமே இல்லை. புறம்போக்கு நிலத்தில் தகராறு, வழக்கு நடக்கிறது என்றார் தலையாரி.

சரி, செவிலியரையாவது பார்ப்போம் என்று போனோம். ஊருக்கு நடுவில் ஒரு ஓட்டு வீட்டின் திண்ணை, அதுதான் துணை சுகாதார நிலையம். தடுப்பூசிப் பெட்டி, எடை பார்க்கும் தராசு, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பதிவேடுகள். உள்ளே ஒரு மூலையில் பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தது. பிரசவம் அங்கேதான். வாடகைப் பணம் அலுவலகத்திலிருந்து ஐந்து மாதமாக வராததால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்கிறார் என்று அந்த அம்மா முதலில் அதைத்தான் என்னிடம் சொன்னார். வாடகை நிலுவை என் மேசையில்தான் இருந்தது. தலைப்பில் நிதி போதவில்லை, கூடுதல் கேட்டு எழுதியிருந்தோம். கட்டடத்துக்குப் பணம் இருந்தது, கட்டடம் இல்லை. வாடகை வீடு இருந்தது, வாடகைக்குப் பணம் இல்லை. அதிலிருந்து எடுத்து இதற்குக் கொடுக்க முடியாது. ஒன்று 4, இன்னொன்று 2.

மோர் கொடுத்தார். ஜீப் வந்திருக்கிறது, மெட்ராஸ் ஆட்கள் வந்திருக்கிறார்கள், ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. தணிக்கைக்கார இளைஞர் கையில் இருந்த தாளை எட்டிப் பார்த்தார்.

"எங்க ஊர் பேரு இருக்கா சார் இதுல?"

"இருக்கும்மா, ஒன்பதாவது."

"கட்டப் போறாங்கன்னா போட்டிருக்கு?"

இளைஞர் என்னைப் பார்த்தார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. "செலவு ஆயிட்டதா போட்டிருக்கு சிஸ்டர்."

"கட்டியாச்சுன்னா?"

"இல்ல. செலவு ஆயிட்டதா."

"ரெண்டும் ஒண்ணுதானே சார்?" என்றார் அவர். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். எனக்கு ரொக்க அடிப்படைக் கணக்கை அந்தத் திண்ணையில் உட்கார்ந்து விளக்கத் தோன்றவில்லை. மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

தணிக்கைப் பத்தி எழுதப்பட்டது. வைப்பாகக் கட்டிய தொகையைச் செலவாகக் காட்டி உதவித்தொகை கோரியது ஏற்கத்தக்கதல்ல என்று. வேலை நடந்த அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அடுத்த கோரிக்கையில் கழித்துக்கொண்டார்கள். எனக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது. 17(அ) வருமோ என்று பயந்தேன். அரசுப் பணியாளர்களுக்கு அந்த எண்ணைக் கேட்டாலே வயிறு கலங்கும். இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு விளக்கம் எழுதினேன். அரசாணை எண், அனுமதி நாள், வைப்பாகக் கட்ட அனுமதிக்கும் விதி, எல்லாம் போட்டு நாலு பக்கம். என் பணிக்காலத்தில் நான் எழுதியதிலேயே மிகச் சிறந்த கடிதம் அதுதான் என்பேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது. மேல்நடவடிக்கை கைவிடப்பட்டது. அதிகாரி கூப்பிட்டுக் கை கொடுத்தார்.

திட்டினாலாவது பரவாயில்லை என்று அன்றைக்கு இருந்தது.

அந்த அம்மாவின் வாடகையை மட்டும், அடுத்த வாரமே, பதிவேட்டில் வேறு ஒரு இனத்தில் மிச்சம் தேடிப் பிடித்து மறு ஒதுக்கீடு கேட்டு வாங்கி அனுப்பினேன். அதைப் பிப்ரவரிக்கு முன்பே செய்திருக்கலாம். தேடவில்லை.

எல்லாத் திட்டங்களும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். அதே காலத்தில் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் நடந்தது. 1980-ல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் முதலில் தொடங்கியது. ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் சத்துருண்டை கொடுப்பார்கள். அதில் எனக்கு வேலை இல்லை, ஒரு பயிற்சிக்காகப் போனபோது பார்த்தேன். எத்தனை உருண்டை வாங்கினோம் என்பதற்கு ஒரு நோட்டு, எத்தனை குழந்தைக்கு எடை ஏறியது என்பதற்கு ஒரு நோட்டு. இரண்டாவது நோட்டு ஊழியரிடமும் இருந்தது, மேலே போகும் அறிக்கையிலும் இருந்தது. எங்கள் 14 கட்டடங்களுக்கு இரண்டாவது நோட்டு யாரிடமும் இல்லை. அதை வைக்கச் சொல்லி எந்தப் படிவமும் கேட்கவில்லை, நாங்களும் வைக்கவில்லை.

இப்போது காலம் மாறியிருக்கிறது. மத்திய அரசின் திட்டப் பணம் யார் கணக்கில் எவ்வளவு தூங்குகிறது என்பதைக் கணினியில் பார்த்துவிடலாம். 2021-லிருந்து ஒவ்வொரு திட்டத்துக்கும் மாநிலத்தில் ஒரே ஒரு வங்கிக் கணக்கு என்று கொண்டுவந்தார்கள். வைப்பில் போட்டுப் படுக்க வைக்கும் வேலை குறைந்திருக்கும். இப்போதைய ஊழியர்கள் யாராவது படித்தால் சொல்லுங்கள். புது வழி ஏதாவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

இன்னொரு மாற்றம், நாம் வாங்குகிற நாடு மட்டும் இல்லை, கொடுக்கிற நாடும்கூட. மத்திய அரசின் கணக்கில் 3605 என்றொரு தலைப்பு இருக்கிறது, பிற நாடுகளுடன் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்பு. பூட்டானுக்கும் நேபாளத்துக்கும் போகிற மானியம் எல்லாம் அங்கேதான். இலங்கையில் போரில் வீடிழந்த தமிழ் மக்களுக்கும் மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கும் 50,000 வீடுகள் கட்ட 2010-ல் இந்தியா அறிவித்த திட்டமும் மானியம்தான். அதில் வடக்கு, கிழக்கில் பெரும்பாலான வீடுகளை, வீட்டுக்கு உரியவரே கட்டிக்கொள்ளும்படி விட்டார்கள். பணத்தை மொத்தமாகக் கொடுக்கவில்லை. வேலை எந்த நிலைக்கு வந்திருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, தவணை தவணையாக அவரவர் வங்கிக் கணக்கிலேயே போட்டார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்த அஸ்திவாரக் குழியும் அதிலிருந்த தண்ணீரும்தான் கண்முன் வந்தது. குழி தோண்டினால் இவ்வளவு, சுவர் எழும்பினால் இவ்வளவு என்று நாங்களும் கொடுத்திருந்தால் அந்த மார்ச்சில் நூறு விழுக்காடு வந்திருக்காது. பாராட்டுக் கடிதமும் வந்திருக்காது.

வங்கி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். சான்றிதழ் வராத பணம் எல்லாம் தொலைந்த பணம் இல்லை. பாதிக்கு மேல், வேலை முடிந்திருக்கும், எழுத ஆள் இருக்காது. அல்லது எழுதியது எங்கோ ஒரு மேசையில் இருக்கும். செய்தித்தாளில் அந்தத் தொகையைப் பார்த்து நான் பதறுவதில்லை. ஒழுங்காக, உரிய நாளில், கையெழுத்தும் முத்திரையுமாக வந்து சேர்ந்த சான்றிதழ்களைப் பற்றி யாரும் செய்தி போடுவதில்லையே, அதை நினைத்தால்தான்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்பு ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் அந்த ஊர் வழியாகப் பேருந்து போனது. டீ குடிக்க நிறுத்தினார்கள். சாலையோரமே அந்தத் துணை சுகாதார நிலையம். சுண்ணாம்பு உரிந்திருந்தாலும் நல்ல கட்டடம்தான். வாசலில் இரண்டு பெண்கள் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் திறப்பு விழாக் கல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு போய் வருஷத்தைப் பார்த்தேன். நாங்கள் செலவு எழுதியதிலிருந்து ஐந்து வருஷம் தள்ளி இருந்தது. உள்ளே போய் அந்த அம்மாவைப் பற்றி விசாரிக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.